மெடிக்கல் ரைட்டர் யாருக்காக எழுதுகிறார்?

"எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்திருக்கிறேன். மெடிக்கல் ரைட்டர் வேலை ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறது. ஏ.ஐ. வந்த பிறகு இந்த வேலை நிலைக்குமா? இதை அறிவியல் தொடர்பு என்று சொல்லலாமா, இல்லை டேபிளைப் பார்த்து வாக்கியமாக்கும் குமாஸ்தா வேலைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விபோல் இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. இந்த எழுத்தை யார் படிக்கிறார்கள், தப்பாகப் போனால் யார் பதில் சொல்வது? அதைத்தான் கேட்கிறீர்கள். அது தெரிந்தால் வேலை நிலைக்குமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எம்.ஃபார்ம். முடித்துவிட்டு 2006-இல் சென்னையில் இந்த வேலைக்கு வந்தேன். பெரும்பாலும் புற்றுநோய், நீரிழிவு மருந்துகளின் மனித ஆய்வு ஆவணங்கள். கடைசிச் சில வருடங்களாக நோயாளிகளுக்கான எளிய சுருக்கங்களும் ஒப்புதல் படிவங்களும். மருத்துவக் கருவிகள் பக்கம் போனதில்லை, விளம்பரப் பிரிவிலும் வேலை பார்த்ததில்லை. சம்பளம் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. அது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

முதலில் பெயரில் இருக்கும் குழப்பம். தமிழில் மருத்துவ எழுத்தாளர் என்றால் வார இதழில் மூட்டுவலி பற்றித் தொடர் எழுதும் டாக்டர்தான் நினைவுக்கு வருவார். நாங்கள் அவர்கள் இல்லை. "என்னதான் எழுதுகிறாய், ஒரு பக்கம் காட்டு" என்று என் மாமியார் கேட்டபோது காட்ட ஒரு பக்கம்கூட இல்லை. எல்லாமே ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருந்தது. ஒரு மருந்தை மனிதர்களிடம் ஆய்வு செய்யும்போது முதலில் ஆய்வை எப்படி நடத்துவது என்று சொல்லும் புரோட்டோகால், அப்புறம் பங்கேற்பாளருக்கான ஒப்புதல் படிவம், ஆய்வு முடிந்ததும் கிளினிக்கல் ஸ்டடி ரிப்போர்ட், கடைசியில் அனுமதி கேட்டு அரசு அமைப்புக்குப் போகும் தொகுப்பு என்று ஆவணங்கள் வரிசையாக வரும். அந்த ரிப்போர்ட்டுக்கு 1995-இல், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒரே சீராக்கும் ஐ.சி.எச். அமைப்பின் ஈ3 என்ற வழிகாட்டி வந்தது. எந்தத் தகவல் எந்தப் பிரிவில் வரவேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. ரிப்போர்ட்டின் உடல் பகுதி சில நூறு பக்கம் போகும், பின்னிணைப்புகள் ஆயிரக்கணக்கில். அத்தனை ஆய்வுகளையும் சேர்த்து, 'இந்த மருந்தின் நன்மை தீமை இதுதான்' என்று சொல்லும் கிளினிக்கல் ஓவர்வியூ மட்டும் சுமார் 30 பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆயிரம் பக்கம் எழுதுவதைவிட அந்த முப்பதுதான் கஷ்டம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நரேட்டிவ் கொடுப்பார்கள். ஆய்வின்போது இறந்தவர்கள், மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய வரலாறு: வயது என்ன, எந்த நாளில் மருந்து தொடங்கியது, எந்த நாளில் நெஞ்சுவலி வந்தது, மருந்தை நிறுத்தினார்களா, குணமானாரா. முதல் இரண்டு வருடம் இவற்றை நூற்றுக்கணக்கில் எழுதினேன். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலின் முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. 'மருந்து எடுத்த பிறகு வந்தது' வேறு, 'மருந்தால் வந்தது' வேறு. எங்கள் ஆவணங்களில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள், தனித்தனிச் சட்டப் பொருள். வெளியே அப்படி இல்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-இல் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-இல் மாரடைப்பால் காலமானார். 'தடுப்பூசி போட்ட பிறகு' என்று தொலைக்காட்சியில் சொன்னதைத் தமிழ்நாடே 'தடுப்பூசியால்' என்று கேட்டது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று மருத்துவமனை சொன்னது; தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லாத உடன்நிகழ்வு என்று தேசியக் குழு ஆராய்ந்து சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் அந்த ஆறு மாதத்தில் எத்தனை வீட்டில் பெரியவர்கள் ஊசியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்! என் சித்தப்பாவும் அதில் ஒருவர்.

சரி, இந்தத் தொழிலின் பழைய முகத்தைச் சொல்லாமல் புதிய முகத்தைச் சொன்னால் ஏமாற்றுவதாகிவிடும். நீண்ட காலம் மெடிக்கல் ரைட்டர் கண்ணுக்குத் தெரியாத ஆள். அனுமதிக்கான ஆவணங்களில் அது ஒன்றும் குற்றமில்லை, அவை கம்பெனியின் பெயரில் போகிறவை. ஆனால் மருத்துவ இதழில் வரும் கட்டுரையையும் அதே ஆள் எழுதி, மேலே பேராசிரியர்களின் பெயர் மட்டும் வந்தால்? பாராக்ஸடீன் என்ற மனச்சோர்வு மருந்தை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. துறையில் அதை ஸ்டடி 329 என்பார்கள். 2001-இல் வெளியான கட்டுரையில் 22 ஆசிரியர்கள். முதல் வரைவை எழுதியது கம்பெனி பணம் கொடுத்து அமர்த்திய எழுத்தாளர். மருந்து பலன் தருகிறது, பொதுவாகத் தாங்கக்கூடியது என்று முடிவு சொல்லியிருந்தார்கள். மூலத் தரவுகளைத் திரும்ப எடுத்து ஆராய்ந்த இன்னொரு குழு, பலனும் இல்லை, தீங்கு கூடியிருக்கிறது என்று 2015-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. தற்கொலை எண்ணங்களும் முயற்சிகளும் மூலக் கட்டுரையில் எங்கே போயிருந்தன தெரியுமா? 'உணர்ச்சித் தடுமாற்றம்' என்று பொருள்படும் ஒரு தலைப்புக்குள். எண்ணைத் திருத்தவே தேவையிருக்கவில்லை. பெயரை மாற்றியது போதுமானதாக இருந்தது. அதே மருந்தை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்க முயன்றது உட்படப் பல குற்றச்சாட்டுகளுக்காக கிளாக்ஸோ நிறுவனம் 2012-இல் அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இது ஒற்றைச் சம்பவம் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை பற்றி 1998 முதல் 2005 வரை வந்த 26 கட்டுரைகளுக்குப் பின்னால் வையத் நிறுவனம் அமர்த்திய எழுத்தாளர்கள் இருந்தது 2009-இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது. இதற்கிடையில் 2002-இலேயே, ஹார்மோன் சேர்க்கையால் மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் கூடுவதைப் பார்த்து ஒரு பெரிய அமெரிக்க ஆய்வைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். எழுத்தாளர்கள் மட்டும்தான் வில்லன் என்றும் சொல்ல முடியாது. முதன்மைக் கேள்விக்குச் சாதகமான விடை கிடைக்காத 72 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்து 2010-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு குழு எழுதியது; அவற்றில் 42 கட்டுரைகளின் சுருக்கத்தில் முடிவுரை பூசி மெழுகப்பட்டிருந்தது. படித்தவர்கள் எல்லோருமே செய்கிற வேலைதான் அது.

நானும் செய்யப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரைவில் 'இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு நிறுவப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். ரிவ்யூவில் ஒரு கமெண்ட் வந்தது: 'பலனை நோக்கிய போக்கு காணப்பட்டது' என்று மாற்றவும். மாற்றினேன். புரொபேஷன் முடியாத வயது. கமெண்ட் போட்டவர் எனக்கு நான்கு படி மேலே. அடுத்த சுற்றில் புள்ளியியலாளர் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டு, டேபிள் எண்ணைப் போட்டு, 'இது இந்த டேபிளில் இல்லை' என்று ஒரே வரி எழுதியிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. என் பழைய வாக்கியம் திரும்ப வந்தது. மறுத்துப் பேச இந்தத் தொழிலில் குரல் உயர்த்த வேண்டியதில்லை, டேபிள் எண் போதும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஊழல்களுக்குப் பிறகுதான் விதிகள் இறுகின. ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர் என்று யாரைச் சொல்லலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. வேலையின் எல்லா அம்சத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற நான்காவது நிபந்தனை 2013-இல் சேர்ந்தது. எழுத்தாளர் பெரும்பாலும் அந்த நான்கையும் நிறைவு செய்வதில்லை. அதனால் நன்றியுரையில் அவர் பெயரும், அவருக்கு யார் பணம் கொடுத்தார் என்பதும் வரவேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய மெடிக்கல் ரைட்டர் சங்கங்கள் சேர்ந்து 2017-இல் இதையே தங்கள் கூட்டு நிலைப்பாடாக அறிவித்தன. என் கருத்து: நல்லதுதான், ஆனால் அரைக்கிணறு. நன்றியுரையைக் கட்டுரை எழுதியவர்களைத் தவிர யார் படிக்கிறார்கள்?

உண்மையான மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. கதவு திறந்தது. ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற வழக்கம் பரவியது, இந்தியாவில் சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2007-இல் தொடங்கி, 2009-இலிருந்து பதிவு கட்டாயமானது. கம்பெனிகள் கொடுத்த மருத்துவ ஆய்வு ஆவணங்களையே ஐரோப்பிய மருந்து முகமை 2016-இலிருந்து பொதுவில் போட ஆரம்பித்தது. பூட்டிய அலமாரிக்காக எழுதிக்கொண்டிருந்த நாங்கள் திடீரென்று தெருவுக்கு வந்துவிட்டோம். அப்புறம் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வுச் சட்டப்படி, ஆய்வு முடிந்து ஒரு வருடத்துக்குள் சாதாரண மக்களுக்குப் புரியும் சுருக்கம் ஒன்றையும் வெளியிட வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பத்து அம்சங்களைச் சட்டமே சொல்கிறது. மருந்து அதிகாரிக்கு எழுதியவர் இப்போது மருந்து எடுத்துக்கொண்டவருக்கு எழுத வேண்டும்.

எளிமையாக எழுதுவது சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் நானே கற்பித்தவை. ரிப்போர்ட்டில் இப்படி இருக்கும்: 'நோய் முற்றாமலிருந்த காலத்தின் இடைநிலை ஆய்வுக் குழுவில் 8 மாதம், ஒப்பீட்டுக் குழுவில் 5 மாதம்.' எளிய சுருக்கத்தில் முதலில் 'புதிய மருந்து நோயை மூன்று மாதம் தள்ளிப்போட்டது' என்று எழுதத் தோன்றும். தப்பு. அது எல்லோருக்கும் மூன்று மாதம் கிடைத்ததுபோல் ஒலிக்கிறது. 'புதிய மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 8 மாதத்துக்குள் நோய் மறுபடி வளர்ந்தது. பழைய மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 5 மாதத்துக்குள்' என்பதுதான் டேபிள் சொல்வது. அதற்குப் பிறகு படிப்பவர் கேட்கப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது: 'அப்படியானால் நான் கூடுதல் நாள் உயிரோடு இருப்பேனா?' அந்த டேபிளில் இதற்கு விடை இருக்காது. 'இந்த ஆய்வில் அது இன்னும் தெரியவரவில்லை' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி நான் நடத்திய சண்டைகள் கொஞ்சநஞ்சமில்லை. விஞ்ஞான ரிப்போர்ட்டில் அந்த வரி தேவையில்லை, அதிகாரிக்குத் தானே தெரியும். நோயாளிக்கு எழுதும்போது அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

எண்ணை வைக்கும் விதம் உயிரையே தொடும் என்பதற்கு இத்துறையில் எல்லோரும் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. 1995-இல் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை விட்டார்கள். உண்மைதான். 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும். ஆனால் 'இரு மடங்கு' என்பது மட்டும் தலைப்புச் செய்தியானது, பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடுகிறார்கள். எச்சரிக்கையில் பொய் ஒன்றுமில்லை. 'எத்தனை பேரில்' என்பது மட்டும் விட்டுப்போனது.

நம் ஊருக்கு வருவோம். 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு செய்தி வெடித்தது, ஞாபகம் இருக்கும்: கோவிஷீல்டு ரத்தம் உறைதலை உண்டாக்கும் என்று அஸ்ட்ராஜெனிகா லண்டன் நீதிமன்றத்தில் 'ஒப்புக்கொண்டது'. அந்த வாரம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. உறவினர், பழைய வகுப்புத் தோழிகள், எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். இரண்டு டோஸ் போட்டவன் என்ன ஆவேன் என்று எல்லோரும் ஒரே கேள்வி. நான் சொன்ன பதில்: இது புதுச் செய்தி இல்லை. குறைந்த தட்டணுக்களோடு வரும் அந்த அபூர்வ ரத்தக்கட்டை மிக அரிதான பக்கவிளைவாகத் தகவல் தாளில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7-ஆம் தேதியே சொல்லிவிட்டது. தன் தகவல் தாளிலும் 2021-லேயே சேர்த்துவிட்டதாக, இங்கே கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் இன்ஸ்டிட்யூட் 2024-இல் தெரிவித்தது. அது வந்தவர்களுக்கும் பெரும்பாலும் முதல் டோஸ் போட்ட சில வாரங்களுக்குள் வந்தது. மூன்று வருடம் கழித்து அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அந்த வாரம் என்னைக் குடைந்தது பயம் இல்லை, வெட்கம். அந்தத் தகவலை எழுதியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். விதிப்படி எழுதினார்கள், விதிப்படி வெளியிட்டார்கள், மூன்று வருடம் அது பொதுவெளியில் கிடந்தது. 'மிக அரிது' என்பதற்கு எங்கள் உலகத்தில் கறாரான அளவு உண்டு: 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. 'அரிது' என்றால் 10,000-இல் ஒருவர் முதல் 1,000-இல் ஒருவர் வரை. இப்படிப் படிப்படியாகப் போய், 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் 'மிகச் சாதாரணம்'. தகவல் தாளைப் படிக்கும் மருந்தாளுநருக்கு இது தெரியும். தமிழில் 'அரிதாக' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன தெரியும்? ஆடிக்கு ஒருமுறை அமாவாசைக்கு ஒருமுறை என்று ஒருவர் நினைப்பார், 'எனக்கு வந்துவிட்டால்?' என்று இன்னொருவர் நினைப்பார். எழுதியதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நாங்கள் எழுந்து போன இடத்தில் யூடியூப்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை ஆராய்ந்து 2014-இல் பி.எம்.ஜே.யில் வந்த ஆய்வு, 40 சதவீதக் குறிப்புகளில் ஆய்வுக் கட்டுரையில் இருப்பதைவிட மிகைப்படுத்திய அறிவுரை இருந்ததாகச் சொன்னது. செய்தித்தாளைத் தொடுவதற்கு முன்பே வீக்கம் ஆரம்பித்துவிடுகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த, எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத பகுதி. இந்தியாவில் ஆய்வில் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் நடக்கும் ஆய்வுகளுக்குத் தமிழ்ப் படிவம் தயாராகும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு இன்னொருவர், இரண்டும் ஒத்துப்போனால் சரி என்று சான்றிதழ். இந்தச் சோதனையில் பிரமாதமாகத் தேறும் ஒரு சொல் 'போலி மருந்து'. மருந்துப்பொருள் இல்லாத, பார்வைக்கு மருந்துபோலவே இருக்கும் பிளாசிபோ மாத்திரைக்கு அப்படி எழுதுவார்கள். திரும்ப மொழிபெயர்ப்பவர் பிளாசிபோ என்று சரியாகப் போட்டுவிடுவார், அவருக்குத்தான் சங்கதி தெரியுமே. ஆனால் தமிழில் போலி மருந்து என்றால் கள்ள மருந்து. போலீஸ் ரெய்டு நடத்திப் பிடிக்கும் சரக்கு. 'உங்களுக்குப் போலி மருந்து கொடுக்கப்படலாம்' என்ற வரியைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் என்ன தப்பு? இப்போது நான் 'மருந்து சேர்க்காத மாத்திரை' என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

இதேபோல் 'குலுக்கல் முறை'. யாருக்கு எந்த மருந்து என்பதைத் தற்செயலாகப் பிரிப்பதைச் சொல்ல வந்த சொல். நம் ஆட்களுக்குக் குலுக்கல் என்றால் ஹவுசிங் போர்டு மனை, விழுந்தால் பரிசு. புது மருந்துதான் நல்ல மருந்து என்ற எண்ணத்தை அந்த ஒரு சொல்லே விதைத்துவிடும். அது நல்ல மருந்தா என்று தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது! 'நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல்' என்று எழுதினால் கொஞ்சம் பரவாயில்லை. 'சோதனை' என்ற சொல்லுக்கு எலி நினைவுக்கு வரும், முருகன் பக்தனுக்குக் கொடுத்த கஷ்டமும் நினைவுக்கு வரும். 'ஆய்வு' என்று போட்டால், எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னதுபோல், 'கலெக்டர் வந்து பார்ப்பாரே அதுவா?' ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் ஒவ்வொரு எத்திக்ஸ் கமிட்டியிலும் மருத்துவமோ அறிவியலோ சாராத சாமானியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். கமிட்டிக்குப் படிவம் போனால் நான் முதலில் தேடுவது அவருடைய கருத்தைத்தான். பேராசிரியர்கள் கண்டுபிடிக்காததை அவர் கண்டுபிடிப்பார்.

இது புதுச் சிக்கலும் இல்லை. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை வைத்து, 1860-களில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அதற்காகப் பாடநூல்களைத் தமிழாக்கினார். இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்களைப் பாருங்கள். அறுவை மருத்துவத்துக்கு மக்கள் வாயில் இருந்த இரணத்தை எடுத்துக்கொண்டார்; கெமிஸ்ட்ரிக்குச் சரியான சொல் தோன்றாதபோது ஒலியையே தமிழாக்கிவிட்டார். எங்கே மக்கள் சொல், எங்கே கடன் சொல் என்று முடிவெடுப்பதில் அவர் பட்டபாட்டைத்தான் ஒவ்வொரு படிவத்திலும் நாங்கள் படுகிறோம். என்ன, அவருக்கு டெட்லைன் இல்லை.

இப்போது ஏ.ஐ. நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். நரேட்டிவ், டேபிளைப் பார்த்து எழுதும் முடிவுப் பகுதிகள், எளிய சுருக்கத்தின் முதல் வரைவு எல்லாவற்றையும் இயந்திரம் எழுதுகிறது. நாங்களும் பயன்படுத்துகிறோம். நான் இரண்டு வருடம் எழுதிப் பழகிய அந்த அடிமட்ட வேலை உங்களுக்கு அதே வடிவில் கிடைக்காது. இயந்திரத்தை ஆசிரியராகப் போடக் கூடாது என்று இதழாசிரியர் குழு 2023-இல் விதியில் எழுதிவிட்டது. காரணம், தான் எழுதியதற்கு அது பொறுப்பேற்க முடியாது. அதேபோல் சரளம் வேறு, உண்மை வேறு என்பதும் நிச்சயம். மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் அறிவியலுக்கென்றே விட்ட கேலக்டிகா என்ற ஏ.ஐ. கருவி, இல்லாததை இருப்பதுபோல் எழுதியதால் மூன்றே நாளில் அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்தினார்கள். இன்றைய கருவிகள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சமீபத்தில் ஒரு நரேட்டிவ் வரைவில், 'மருந்து நிறுத்தப்பட்டதும் நோயாளி குணமடைந்தார்' என்று அழகாக எழுதி வந்தது. மூலப் பட்டியலைப் பார்த்தால் அவர் குணமானது மருந்தை நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பு. வழக்கமாக எல்லா நரேட்டிவிலும் வரும் வாக்கியம் என்பதால் இயந்திரம் அதையே போட்டுவிட்டது. படிக்க ஒரு பிசிறும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மருந்தின் மேல் இல்லாத பழியைப் போடுகிறது. மறுபக்கமும் நடக்கலாம்; இருக்கும் பழியை அதே அழகோடு துடைத்துவிடலாம். பிழை கரடுமுரடாக இருந்த காலத்தில் கண்ணில் பட்டது. இப்போது தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

நிச்சயமில்லாதது: எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்பது. இன்று பத்துப் பேர் பார்ப்பதை நாளை நான்கு பேர் பார்க்கலாம், அல்லது ஆவணங்கள் பெருகி அதே பத்துப் பேர் தேவைப்படலாம். இரண்டையும் அடித்துச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு இருக்கிறது. நரேட்டிவ் எழுதி எழுதித்தான் 'பிறகு'வுக்கும் 'ஆல்'க்கும் உள்ள தூரம் எனக்கு உறைத்தது. எழுதாமலே திருத்த வருகிறவர்களுக்கு அது எப்படி உறைக்கும்? அதற்கு யாரிடமும் நல்ல விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் டீமில் புதிதாக வருபவர்களை முதல் மூன்று மாதம் இயந்திரம் இல்லாமல் கையால் எழுதச் சொல்கிறேன். முணுமுணுக்கிறார்கள்தான்.

ஆக, குமாஸ்தா வேலையா என்றால், அந்தப் பகுதி இருந்தது, இப்போது கரைகிறது. மிஞ்சுவது எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் நிற்க வேண்டும், எந்தச் சொல் யார் காதில் எப்படி விழும் என்று முடிவெடுத்து, கேட்டால் டேபிள் எண்ணோடு பதில் சொல்லும் வேலை. அது பிடிக்கும் என்றால் சேருங்கள். நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள்: மூலத் தரவை நான் நேரடியாகப் பார்க்க முடியுமா, வெளியாகும் கட்டுரையில் என் பெயரும் நிதி விவரமும் நன்றியுரையில் வருமா, ரிவ்யூ கமெண்டை மறுத்தால் அதைக் கேட்க ஆள் உண்டா? முதல் கேள்விக்கே மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். புள்ளியியலை மறுபடி எடுத்துப் படியுங்கள். இலக்கணத்தைத் திருத்த இப்போது கருவி இருக்கிறது. 'இது இந்த டேபிளில் இல்லை' என்று சொல்ல ஆள்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. வீட்டில் அம்மாவோ அப்பாவோ தினம் எடுக்கும் மாத்திரை ஏதாவது இருக்கும். அதன் தகவல் தாளைத் தேடி எடுத்து, பக்கவிளைவுப் பகுதியை மட்டும் தமிழில் ஒரே பக்கத்துக்குள் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, "அப்போ இது எனக்கு வருமா, வராதா?" என்று கேட்பார். மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்று கிளம்பினாலும் கிளம்புவார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். அப்புறம் உட்கார்ந்து, 'எத்தனை பேரில் எத்தனை பேருக்கு' என்ற வரியைப் பக்கத்தின் மேலே கொண்டுபோய் வைத்து மறுபடி எழுதிப் பாருங்கள்.